போகி என்பது எது?

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் ஊரார் ரயிலேற அரியலூருக்குத்தான் போக வேண்டும். அந்த நடைமேடையில் "எந்த போகி?" என்று கேட்பவர் சன்னலும் இருக்கையும் உள்ள பெட்டியைத்தான் சொல்கிறார். பணிமனைக்காரருக்கோ போகி என்பது பெட்டிக்கு அடியில் இருப்பது: இரண்டு அச்சு, நான்கு சக்கரம், சுருள்வில், இவற்றைத் தாங்கும் சட்டம். அமெரிக்கர்கள் இதை டிரக் என்பார்கள். மாதிரி ரயில் பிரியர்களுக்காக இதையே 1:87 அளவில், துத்தநாகக் கலவையில் அச்சுவார்த்து, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் உதிரிகளாக அங்கே விற்றார்கள். பக்கச் சட்டம் இரண்டு, குறுக்கே ஒரு தாங்கி, கடுகளவு சுருள்வில்கள். அந்தப் பொட்டலத்தைப் பிரித்தவருக்குப் பெட்டியும் போகியும் ஒருநாளும் குழம்பாது.

அப்படியானால் நம் வழக்கு பிழையா? எனக்கு அப்படிப் படவில்லை. தொடக்க காலத்து ரயில் பெட்டிகள் குட்டையானவை. அச்சுகள் பெட்டியோடு நேராகப் பிணைந்திருந்ததால் வளைவில் திரும்பாது, நீளத்தைக் கூட்டவும் வழியில்லை. தனியே திரும்பும் சட்டம் அடியில் வந்த பிறகே நீளப் பெட்டி சாத்தியமாயிற்று. போகி வைத்த வண்டி 'போகி வண்டி'. பின்னால் வண்டி உதிர்ந்து போகி நின்றது. பெட்டியைப் பெட்டியாக்கிய உறுப்பின் பெயரையே மக்கள் முழுமைக்கும் சூட்டினார்கள். (போகிப் பண்டிகைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

விபத்துச் செய்தியில் இந்தச் சொல் குழப்பும் என்று பணிமனைக்காரர் மறுக்கலாம். அதில் நியாயம் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதுபோன்ற நேரத்தில் உடைந்தது உடலா, சக்கரச் சட்டமா என்பது முக்கியம். அதற்கு ஓராண்டு முன்பு, 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை, மோதலில் ஒன்றுக்குள் ஒன்று புகாத உலோக உடலை ஒரு தனி வேலையாகவும், சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் வடிவமைப்பிலான போகியை இன்னொரு வேலையாகவும்தான் வைத்திருந்தது. ஆனால் ஆலைக்கு வேண்டிய துல்லியத்தை நடைமேடையில் கேட்பது அதிகம்.

அன்றைய அரியலூர் தடம் மீட்டர்கேஜ். அமெரிக்கப் பொட்டலத்தின் சக்கரங்களோ 16.5 மி.மீ. தடத்துக்கானவை, 1:87 அளவில் மீட்டர்கேஜுக்கு 11.5 மி.மீ. போதும். அந்த எக்ஸ்பிரஸை மாதிரியாகச் செய்ய முனைபவர் பெட்டியை அட்டையில்கூட வெட்டிவிடலாம். போகியைத்தான் புதிதாக வார்க்க வேண்டியிருக்கும்.