நிலச் சட்டமும் நீதியும்: மவுண்ட் லாரல் தரும் பாடம்

ஒரு மக்கட் கூட்டத்தினர் ஓர் ஊரில் குடியிருக்கலாகாது என்று வெளிப்படையாக எழுதிவைக்க இக்காலச் சட்டங்கள் துணிவதில்லை. ஆனால், வீட்டு மனை அரை ஏக்கருக்குக் குறையலாகாது என்று மட்டும் எழுதிவிட்டால் போதும். ஏழை தானாகவே எல்லைக்கு வெளியே நிற்பான். இவ்வுண்மையை விளக்கும் அமெரிக்க வரலாறு ஒன்றை நம் இளைஞர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

நியூ ஜெர்சி மாநிலத்தில், கேம்டன் நகருக்கு அண்மையில் உள்ளது மவுண்ட் லாரல். 22 சதுர மைல் பரப்புள்ள இவ்வூரின் மக்கள்தொகை 1950-இல் 2,817, 1970-இல் 11,221. நெடுஞ்சாலைகள் வந்தன, தொழில்கள் வந்தன, வசதி படைத்த வெள்ளையர் பலர் குடியேறினர். ஆனால், ஸ்பிரிங்வில் என்னும் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கறுப்பின மக்களின் வீடுகளோ இடிந்து கிடந்தன. கோழிக் கொட்டகைகளாக இருந்து வீடுகளாக மாற்றப்பட்டவையும் அவற்றுள் இருந்தன. அவை குடியிருக்கத் தகுதியற்றவை என்று ஊராட்சி மூடியது. மாற்று வீடு தரவில்லை.

அம்மக்கள் ஒன்றுகூடி, குறைந்த வாடகையில் 36 அடுக்கு வீடுகள் கட்டத் திட்டமிட்டனர். ஊரின் நிலப் பயன்பாட்டு விதியோ தனித்தனி மனையில் தனித்தனி வீடு மட்டுமே கட்டலாம் என்றது. அவ்விதியை மாற்றித் தருமாறு வேண்டினர், ஊராட்சி மறுத்தது. இங்கு வாழ வசதியில்லாதோர் வெளியேற வேண்டியதுதான் என்று 1970-இல் ஊரின் மேயர் அவர்களுடைய தேவாலயத்திலேயே கூறினார்.

இம்மறுப்புக்கு ஊராட்சி கூறிய காரணம் வரி. அங்கே பள்ளிச் செலவின் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து வருவது. சிறிய வீட்டிலிருந்து வரி குறைவு. பள்ளிக்கு வரும் பிள்ளைகளோ மிகுதி என்பது அவர்கள் கணக்கு. அடுக்கு வீடுகளுக்கு அவ்வூர் இசைவளித்த சில திட்டங்களிலும், பத்து வீடுகளுக்கு மூன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு மேற்பட்டால் அம்மிகைச் செலவைக் கட்டுவோரே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். ஆசிரியனாகிய என் நெஞ்சை மிகவும் வருத்திய செய்தி இதுவே. பிள்ளை ஊரின் செல்வமாகக் கருதப்படவில்லை, செலவாகக் கருதப்பட்டது.

ஆறு தலைமுறையாக அவ்வூரில் வேரூன்றிய குடும்பத்தைச் சேர்ந்த எத்தல் லாரன்ஸ் என்னும் அம்மையார் பின்வாங்கவில்லை. 1971-இல் அவரும் பிறரும், கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் கிளையுடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். அச்சங்கத்தை 1909-இல் நிறுவியோருள் ஒருவர் டூ பாய்ஸ். 1946-இல் நம் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதித் தொடர்பு கொண்டது அப்பெருமகனாருடன்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. வளர்ந்துவரும் ஊர்கள், தம் வட்டாரத்தின் ஏழை எளியோர் வீட்டுத் தேவையில் தமக்குரிய பங்கை ஏற்குமாறு நில விதிகளை அமைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனால், தீர்ப்பு வீடாகிவிடவில்லை. ஊராட்சி தன் நிலத்தில் நூற்றில் கால் பங்குக்கும் குறைவானதையே ஒதுக்கியது. அதிலும் வீடு எழும்பவில்லை. 1983-இல் நீதிமன்றம் மீண்டும் கடுமையாகத் தீர்ப்பளித்தது. 1985-இல் மாநிலம் சட்டம் இயற்றியது. 1994-இல் எத்தல் அம்மையார் மறைந்தார். திட்டம் ஊராட்சியின் முன் மீண்டும் வந்தபோது, குற்றம் பெருகும், வீட்டு விலை சரியும், வரி உயரும் என்று அக்கம்பக்கத்தார் கூட்டம் கூட்டமாக வந்து எதிர்த்தனர். எனினும் 1997-இல் இசைவு கிடைத்தது. 2000-இல், அம்மையாரின் பெயர் தாங்கிய குடியிருப்பில் முதற் குடும்பங்கள் குடிபுகுந்தன. பின்னர் வீடுகள் 140 ஆயின.

அக்கம்பக்கத்தார் அஞ்சியது நிகழ்ந்ததா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் மாசியும் அவருடைய குழுவினரும் அவ்வூரை அண்டை ஊர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 2013-இல் நூலாக வெளியிட்டனர். அக்குடியிருப்பால் குற்றம் பெருகவில்லை, வீட்டு விலை சரியவில்லை, வரி உயரவில்லை. அங்குக் குடிவந்த பிள்ளைகளோ முன்னினும் நல்ல பள்ளிகளில் பயின்றனர். படிப்பில் கூடுதல் நேரம் செலவிட்டனர்.

இளைஞர்களே! தீர்ப்புக்கும் வீட்டுக்கும் இடையே சென்றவை 25 ஆண்டுகள். நம் சங்கம் கடந்து வந்த காலமும் அதுவே. அவ்வம்மையார் வீட்டைக் காணவில்லை, வழக்கைக் கைவிடவுமில்லை. அவருக்குத் துணை நின்றவர்கள் ஏக்கர், மனை அளவு, வரி என்னும் வறண்ட சொற்களுக்குள் மறைந்திருந்த அநீதியைப் படித்தறிந்த இளம் வழக்கறிஞர்கள். நீங்களும் அரசிதழையும் நில ஆவணங்களையும் ஊராட்சித் தீர்மானங்களையும் படிக்கப் பழகுங்கள். கல்வி வேலை பெறுவதற்கு மட்டுமன்று. நம்மை வெளியே நிறுத்தும் வரி எது என்று கண்டறிவதற்கும் ஆகும்.