புனிதர் சவேரியாரும் சோர்ந்துபோனார்



2023 டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. திருச்சபை அதை ‘மகிழ்ச்சி ஞாயிறு’ என்று அழைக்கிறது. எப்போதும் மகிழ்ந்திருக்கும்படி பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதிய பகுதியை அன்று திருப்பலியில் கேட்டோம். அன்றிரவே வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு நம் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது.

வீடும் வாழையும் ஆடுமாடும் இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. தண்ணீர் சில நாளில் வடிந்துவிட்டது. மனத்தில் தேங்கியது அவ்வளவு எளிதில் வடிவதில்லை. அழுதால் விசுவாசம் குறைந்தவர் என்பார்களோ என்று அஞ்சி, அதை உள்ளேயே அடக்கிக்கொள்கிறோம். அப்படிப்பட்ட வேளையில், நம் கடற்கரையிலேயே நடந்த ஒரு நிகழ்வை நினைத்துப் பார்ப்போம்.

தூய பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 ஜூன் மாதம் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களைத் தாக்கியது. பரதவ மக்கள் உயிர் தப்பக் கடற்பாறைகளில் ஏறினார்கள். அங்கே பசியாலும் தாகத்தாலும் மடிந்தார்கள். மணப்பாட்டில் இருந்த சவேரியார், இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்பு வலித்தும் பயனில்லாமல், பல நாள் போராடித் திரும்பினார். கடல்வழி அடைபட்டதும் தரைவழியே நடந்தார். உணவில்லாதவர்களையும், நடக்க இயலாத முதியவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்களையும் கண்டார். அவர்களுக்கு உதவி திரட்டித் தரும்படி ஊர்ப் பட்டங்கட்டிகளைக் கேட்டுக்கொண்டார்.

இவற்றையெல்லாம் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு அவர் மடல்களில் எழுதினார். போர்த்துக்கீசியர் சிலர் இம்மக்களுக்கு இழைத்த அநீதிகளைத் தடுக்க முடியாமல் தவித்தபோது, வாழ்வே தமக்குச் சலித்துவிட்டது என்றுகூட அவருக்கு எழுதியிருக்கிறார். பீடத்தில் வைத்து நாம் வணங்கும் புனிதரின் சொல் இது!

இதைப் படிக்கும்போது மூன்று செய்திகள் நமக்குப் புலனாகின்றன. மனம் சோர்வது பாவம் அன்று. கெத்சமனியில் நம் ஆண்டவரே சாவு வரும் அளவுக்குத் துயருற்றார். அடுத்து, சவேரியார் தம் துயரை ஒளிக்கவில்லை. கடவுளிடம் சொன்னார்; நம்பிக்கைக்குரிய ஒரு மனிதரிடமும் சொன்னார். மூன்றாவதாக, அவருடைய தோணிகள் திரும்பி வந்தன. ஆனால் அவர் திரும்பிவிடவில்லை. துயரம் தீரட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திராமல், துயரத்தோடே நடந்தார்.

சாக வேண்டும் என்று மன்றாடிய எலியாவைக் கடவுள் கண்டிக்கவில்லை என்பதை அரசர்கள் முதல் நூலில் காண்கிறோம். தூங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், அதன் பிறகே பேசினார். உடலையும் மனத்தையும் தேற்றுவது இறைவனின் வேலை என்றால், மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் யாருக்கேனும் வந்தால், அதைத் தனியே சுமக்க வேண்டாம். வீட்டாரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

வெள்ளத்தின்போது கடற்கரை மீனவர்கள் படகுகளோடு வந்து மக்களை மீட்டார்கள். அன்று சவேரியாரின் தோணிகள் போய்ச் சேராத கரைக்கு அவர்கள் வந்து சேர்ந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. இந்த வாரம் நம் தெருவில் வாய்விட்டு அழ முடியாத ஒருவர் வீட்டுக்குப் போவோம். அறிவுரை வேண்டாம். சற்று நேரம் உடன் உட்கார்ந்திருந்தாலே போதும்.

இறைவா, எங்கள் சோர்வில் எம்மோடு தங்கும். ஆமென்.