கொழும்பு வளவுகளில் மல்லிகைச் செய்கை

கொழும்பு மல்லிகையின் வரலாற்றைத் தோட்டங்களில் தேடுவதைவிட வளவுகளில் தேடுவதே பொருத்தம். ஒலிவ் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி இந்நகரில் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் வளர்ந்தது. வளவு சுருங்கியபோது செடியும் சுருங்கியது. ஆகவே காணி கைமாறிய கதையோடு சேர்த்தே இச்செய்கையை ஆராய வேண்டும்.

இலங்கையில் மல்லிகையினத்தை வழிபாட்டுக்கெனப் பயிரிட்டதற்கான பழைய சான்று மகாவம்சத்தின் 34ஆம் அத்தியாயத்தில் உண்டு. கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்தில் அநுராதபுரத்தை ஆண்ட பாதிகாபயன், மகாதூபத்துக்குச் சாத்துவதற்காக நகரைச் சுற்றிச் சுமனச் செடிகளை நடுவித்தான். தூபியின் அடிமுதல் குடைவரை வாசனைச் சாந்து பூசி, பூக்களைக் காம்போடு அதில் பதித்தார்கள். சுமன என்பதைப் பிச்சி என்றே பொதுவாகக் கொள்வர். பூசையின் தேவை செடி நடச் செய்தது என்பதே இங்கு முக்கியம். கொழும்பிலும் பின்னாளில் அதுவே நிகழ்ந்தது.

ஒல்லாந்தர் காலத்தில் பார்வை வேறு. 1670களில் கொழும்பில் கம்பனி மருத்துவராக இருந்த போல் ஹேர்மன் இத்தீவின் செடிகளை உலர்த்திச் சேர்த்தார். தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் வெளியிட்ட 'ஃப்ளோரா சைலானிகா' அத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. 1753இல் அவர் மல்லிகையையும் பவளமல்லியையும் ஒரே பேரினத்தில் வைத்தார். 1789இல் தாவரவியலாளர் ஏய்ட்டன்தான் மல்லிகையை இன்றைய பேரினத்துக்கு மாற்றினார். ஆனால் ஆட்சியாளர் காசு போட்டது கறுவாவில். மல்லிகையை வீட்டுப் பெண்களும் கோயிற் பணியாளரும் பார்த்துக்கொண்டார்கள்.

கொழும்பின் வானிலையும் இச்செடிக்கு அவ்வளவு இணக்கமில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. மே மாதத்தில் ஒரு உச்சம், ஒக்டோபர், நவம்பரில் இன்னொன்று. மல்லிகைக்கு வேண்டியது நீர் தேங்காத மணற்பாங்கான நிலமும், கிளை வெட்டியபின் வரும் நீண்ட வெயிலும். தமிழ்நாட்டில் நவம்பர் இறுதியில் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மார்ச்சிலிருந்து அரும்பு குவியும். கொழும்பிலோ அரும்பு பருக்கும் வேளையில் மே மழை வந்துவிடும். நனைந்த அரும்பு பழுப்பேறி உதிரும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைப் போன்ற ஒரு வயற்பயிர் இங்கு உருவாகாததற்கு, என் மதிப்பீட்டில், நிலவிலைக்குச் சமமான காரணம் இந்த மழை.

ஆனாலும் பூவின் தேவை குறையவில்லை. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் 1850களில் நிறுவினார். அவர் மகன் இராமநாதன் அதைக் கருங்கல்லில் எடுப்பித்தார். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களும் ஆடிவேல் விழாவும் அருகிலேயே. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் அந்தோனியாருக்கு மாலை சாத்துகிறார்கள். பௌத்தர் விகாரையில் 'பிச்ச' மலரைத் தட்டில் வைக்கிறார்கள். நான்கு சமயத்தவர் வாழும் நகரில் ஒரே பூ இத்தனை சந்நிதிகளுக்குப் போவது என்னை எப்போதும் நெகிழவைக்கும்.

தென்கொழும்பு வெள்ளவத்தையில் வளவு சுருங்கிய கதை பிந்தியது. 1973இன் தொடர்மாடி உடைமைச் சட்டம் ஒரே காணியில் அடுக்கிய வீடுகளைத் தனித்தனியே விற்க வழிசெய்தது. 1983 யூலையில் தமிழர் வீடுகள் எரிந்தன, பலர் வெளியேறினர். 1990களில் போர் வடக்கிலிருந்து மக்களைக் காலி வீதிப் பக்கம் தள்ளியது. தொடர்மாடிகள் பெருகின. யாழ்ப்பாணத்தில் பந்தலில் மல்லிகை படரவிட்டவர்கள் இங்கு சந்தையில் சரம் வாங்கினார்கள். எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' இலக்கிய இதழும் இதே வழியில்தான் கொழும்பு சிறீ கதிரேசன் வீதிக்கு வந்தது.

இன்று மிஞ்சியிருப்பது பூச்சாடிச் செய்கை. அதைச் செய்கை என்று எண்ணாமல் விடுவது ஆய்வாளருக்குத் தகாது. முற்றத்தில் கற்ற அத்தனை அறிவும் அதில் இருக்கிறது. முற்றிய தண்டில் ஒரு சாண் நறுக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றுகிறார்கள். அரை நாளாவது நேர் வெயில் படாத பலகணியில் இலை செழிக்கும், அரும்பு வராது. வறண்ட காற்றில் செஞ்சிலந்தி இலையடியில் வலை பின்னும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பூத்த நுனியை உடனே கிள்ளினால் பக்கக் கிளை வெடித்து அடுத்த அரும்பு பிடிக்கும். விரியாத வெள்ளை அரும்பை விடியுமுன் பறித்து ஈரத்துணியில் வைத்தால் மாலையில் மலரும். ஒரு சாடியில் முழம் பூ கட்டப் போதாது. சுவாமி படத்துக்கு வைக்கப் போதும்.