விமானச் சிறகும் தொழிலாளர் ஈரலும்

நோயாளியைப் பார்க்கச் செல்லும் வைத்தியர், வழக்கமான வினாக்களோடு, "நீர் செய்யும் தொழில் யாது?" என்ற வினாவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும் என வற்புறுத்தியவர் பேர்னாடினோ இரமசீனி என்னும் இத்தாலியப் பேராசிரியர். 1700 ஆம் ஆண்டிலே தொழிலாளர் நோய்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் ஓவியர்களுக்கும் ஓரிடம் உண்டு. அவர்தம் உடல்நலங் குன்றுவதற்கு அவர்கள் கையாளும் வர்ணப் பொருள்களே காரணம் என்பது அவர் கண்ட முடிவாகும்.

வர்ணப் பூச்சில் நிறந்தரும் தூளும் உண்டு. அதனைப் பூசத்தக்கதாக்கும் திரவமும் உண்டு. வெள்ளீயத் தூளின் தீமையை உலகம் முன்னரே அறிந்திருந்தது. பூசியவுடன் ஆவியாகி மறையும் திரவமும் உயிரைக் குடிக்கவல்லது என்னும் உண்மையோ, முதலாம் உலகப் போரின் தொடக்கத்திலேதான் தெளிவாக விளங்கிற்று.

அக்காலத்து விமானத்தின் சிறகு, மரச்சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்த துணியால் ஆயது. துணியை விறைப்பாக்கிக் காற்றும் நீரும் புகாவண்ணம் காத்தற்கு, 'டோப்' எனப்பட்ட மெருகினைப் பலமுறை பூசினர். செலுலோசு அசற்றேற்று என்னும் பொருளைக் கரைத்துச் செய்யப்பட்ட இம்மெருகில், ரெற்றாக்குளோரோயீதேன் என்னும் திரவமுஞ் சேர்க்கப்பட்டது. அஃது எளிதில் தீப்பற்றாதது. மெல்ல உலர்ந்து சீரான பூச்சைத் தருவது. ஆதலின் விமானத்துக்கு உகந்ததெனக் கருதப்பட்டது. அதனைச் சுவாசிப்போருக்கு உகந்ததா என்று முன்கூட்டி ஆராய்ந்தாரிலர்.

1914 ஆம் ஆண்டில் ஜேர்மனியில், பேர்லினுக்கு அண்மையிலிருந்த யோகன்னிஸ்தால் என்னுமிடத்தில் மெருகு பூசுவோரிடையே செங்கமாரி காணப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரையடுத்த ஹென்டனிலும் அவ்வாறே நேர்ந்தது. சோர்வு, பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி என நோய் தொடங்கும். பின்னர்க் கண்ணும் மேனியும் மஞ்சள் நிறமடையும். முற்றியவிடத்து அறிவு மயங்கி மரணம் நேரும். செங்கமாரி வேறு காரணங்களாலும் வருவதாதலின், ஒருவரை மட்டும் பார்த்த வைத்தியர் அதனைத் தொழிலோடு தொடர்புபடுத்துதல் அரிது. ஒரே தொழிலைச் செய்வோர் பலருக்கு ஒருங்கே தோன்றியமையே ஐயத்தை எழுப்பிற்று.

நஞ்சியல் வல்லுநரான வில்லியம் வில்கொக்ஸ் இதனை ஆராய்ந்தார். மெருகின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து, அவற்றின் ஆவியை எலிகள் சுவாசிக்குமாறு செய்தபோது, ரெற்றாக்குளோரோயீதேனே ஈரலைச் சிதைப்பது எனப் புலனாயிற்று. உடலிற் புகும் நஞ்சை மாற்றி அகற்றும் பணி ஈரலுக்குரியது. ஆதலின் இத்தகைய நஞ்சின் தாக்குதலும் அதன்மீது கடுமையாக விழுகின்றது.

முதலில் மேற்கொண்ட பரிகாரம் காற்றோட்டம். இந்த ஆவி காற்றினும் ஐந்து மடங்குக்கு மேற் கனமுடையது. கூரையருகே சாளரம் திறந்தாற் போதாது, நிலமட்டத்திலே விசிறி அமைத்து வெளியே இழுத்தல் வேண்டும். அதன் பின்னர், 1916 சனவரி 1 ஆம் திகதி முதல், நச்சுச் செங்கமாரி அரசாங்கத்துக்குக் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாயிற்று. ஈற்றில் அத்திரவம் இல்லாத மெருகு செய்யப்பட்டு, 1916 இன் பிற்பகுதியிற் பிரித்தானிய விமானத் தொழிலில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. போர் கடுமையாக நடந்த காலம் அது. விமான உற்பத்தி நிற்கவில்லை, நஞ்சுதான் நின்றது.

அந்நாட்டின் முதலாவது தொழிற்சாலை வைத்தியப் பரிசோதகராக 1898 இல் நியமனம் பெற்ற தோமஸ் லெக், இத்தகைய அனுபவங்களிலிருந்து ஒரு கொள்கையை வகுத்தார். தொழில் நடத்துவோர் தம்மாலான யாவற்றையுஞ் செய்து முடிக்கும்வரை, தொழிலாளி தன்னைத்தானே காத்துக்கொள்ள அதிகம் இயலாது என்பதே அதன் சாரம். உட்புற வர்ணவேலையில் வெள்ளீயத்தைத் தடுக்கும் 1921 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை ஏற்கத் தம் அரசாங்கம் மறுத்தபோது, 1926 இல் அவர் பதவியைத் துறந்தார்.

இன்று வர்ணம் பூசுவோர் கையாளும் கரைப்பான்கள் யாவும் அத்துணைக் கொடியன அல்ல. ஆயினும் மூடிய அறையில் 'தின்னர்' மணம் நிறைந்திருக்க, மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வோர் பலர். ஆவியைத் துணி தடுக்காது. "நீர் செய்யும் தொழில் யாது?" என்ற வினா வைத்தியர் மாத்திரம் கேட்க வேண்டியதன்று, வேலை கொடுப்போரும், வீட்டுக்கு வர்ணம் பூசுவிப்போரும், அத்தொழில் உடலுக்குச் செய்வது யாது எனத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதாகும்.