திரைக்குப் பின்னால் நிற்பவன்

ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்ததாகச் சம்பிரதாயம் கூறும் ராமானுஜரை ஆதிசேஷனின் அவதாரம் என்று வைணவர்கள் நம்புகிறார்கள். ஒரு மனிதன் பாம்பாகவும் இருந்தான் என்பது இங்கே யாருக்கும் சிரிப்பை வரவழைப்பதில்லை. அந்த நம்பிக்கையை ஒரு சபை தாங்கி நிற்கிறது. அதே ஊர்க் கடைத்தெருவில் ஒருவன் தன்னை நரி என்று சொல்லிக்கொண்டால் கதை வேறு. ஆக, பிரச்னை மிருகத்தைப் பற்றியதே அல்ல, சபையைப் பற்றியது.

அப்படி ஒரு சபை அமெரிக்காவில் நம் காலத்திலேயே உருவாகியிருக்கிறது. 'ஃபர்ரி' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இவர்கள், மனிதரைப் போல் பேசி நடக்கும் கற்பனை மிருகங்களில் ஈடுபாடு கொண்டவர்கள். 1980இல் ஒரு விஞ்ஞானக் கதை மாநாட்டில், ஸ்டீவ் கல்லாச்சி என்பவரின் சித்திரங்களைச் சுற்றி எழுந்த பேச்சிலிருந்து இதன் சரித்திரத்தைத் தொடங்குகிறார்கள். 1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் காஸ்டா மெஸாவில் தனி மாநாடு கூட்டியபோது வந்தவர்கள் 65 பேர். இன்று பிட்ஸ்பர்கில் ஆண்டுதோறும் 10,000க்கும் அதிகமானோர் கூடுகிறார்கள். புதிதாக வருகிறவன் தனக்கென ஒரு மிருகத்தையும் ஒரு பெயரையும் தேர்ந்துகொள்கிறான். ரோம உடை பெரும்பாலோரிடம் கிடையாது. ஒரு சித்திரமும் கழுத்தில் தொங்கும் பெயரட்டையும் போதும். மற்றவர்கள் அவனை அந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள். சடங்கு அவ்வளவுதான். தன்பாலீர்ப்பு உடையவர்களும், வேறு இடங்களில் கேலிக்கு ஆளானவர்களும் இதில் கணிசமாக இருப்பது தற்செயல் அல்ல. சொந்தப் பெயரால் கிடைக்காத இடம், ஏற்றுக்கொண்ட பெயரால் கிடைக்கிறது.

இதை மேனாட்டுப் பைத்தியங்களில் ஒன்று என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் காஞ்சிபுரம் வட்டாரத்துக் கூத்தை ஓர் இரவு விழித்துப் பார்த்தவனால் அப்படி ஒதுக்க முடியாது. அங்கே வாலியோ துரியோதனனோ நேராகச் சபைக்கு வந்துவிடுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் காலில் சலங்கையோடு நிற்கவேண்டும். கட்டியக்காரன் யார் நீ என்று விசாரிக்கிறான். வந்தவன் பேரும் நாடும் சொல்கிறான். கட்டியக்காரன் கேலி செய்வான், குறுக்கே பேசுவான். ஆனால் அந்தப் பதிலைத் தள்ளிவிடுவதில்லை. விடியும்வரை அவன் வாலிதான். அங்கீகாரம் என்பதன் முழு இலக்கணமும் இந்த ஒரு கணத்தில் இருக்கிறது: கேள்வி கேட்கப்படுகிறது, பதில் நம்பப்படுகிறது.

ஆனால் திரைக்குப் பின்னால் நிற்கும் உரிமை யாருக்கு? கூத்து வெகுகாலம் ஆண்களுடையதாகவே இருந்தது. திரௌபதியையும் ஆண்தான் கட்டினான். பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002இல் காஞ்சிபுரத்துக்கு அருகே தொடங்கி 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில்தான் பெண் பிள்ளைகளும் முறையாகப் பயின்று வேஷம் கட்டினார்கள். மரபு அதனால் ஒன்றும் உடைந்துபோகவில்லை.

இனி, இந்தச் சாலைக்கு வரலாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து ஒரகடம் வரைக்கும் ஏரியும் வயலுமாக இருந்த பூமி தொழிற்பேட்டையாயிற்று. 2006இல் வந்த செல்போன் ஆலை 2014இல் மூடிப்போனது. வேறு ஆலைகள் வந்தன. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா, அஸ்ஸாமிலிருந்தும் வருகிறவர்களுக்கும் இங்கே ஒரு வேஷம் தரப்படுகிறது: சீருடை, கழுத்தில் அட்டை, அட்டையில் எண். அந்த எண்ணால் கதவு திறக்கும். அந்த எண்ணை யாரும் உறவாகக் கூப்பிடுவதில்லை. சாயங்காலம் வாடகைக்கு அறை தேடிப் போனால் அங்கேயும் அதே கேள்விதான்: எந்த ஊரு, என்ன ஆளுங்க? கட்டியக்காரன் திரையை விலக்குவதற்காகக் கேட்டதை, வீட்டுக்காரர் கதவைச் சாத்துவதற்காகக் கேட்கிறார்.

திருக்கோட்டியூர் நம்பியின் வாசலில் ராமானுஜர் பதினெட்டு முறை நின்றதாகக் குருபரம்பரை பேசுகிறது. யார் என்ற குரலுக்கு 'நான்' என்று சொன்னதனால் திருப்பி அனுப்பப்பட்டார் என்றும், அந்த 'நான்' போன பிறகே உபதேசம் கிடைத்தது என்றும் கதை சொல்வார்கள். அகந்தை அழிவது என்று அதற்கு நாம் பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து அவர் செய்தது. கோபுரத்தின் மேலேறி, கேட்க வந்த எல்லோருக்கும் மந்திரத்தைச் சொன்னார். யாரையும் யார் நீ என்று கேட்கவில்லை. வாசலில் நின்ற ஞாபகம் உள்ளவனுக்குத்தான் அது தோன்றியிருக்க முடியும்.

அவர் பிறந்த ஊரில் இன்று வாசல்தோறும் யாரோ நிற்கிறார்கள்.