குழாய்வழி உணவும் தாயின் உறக்கமும்



விழுங்க இயலாத குழந்தைக்கு எவ்வாறு உணவு ஊட்டுவது? மருத்துவ உலகம் நெடுங்காலம் விடை தேடிய கேள்வி இது. 1790-இல் ஜான் ஹண்டர் என்னும் லண்டன் மருத்துவர், விழுங்கும் சக்தியை இழந்த ஒருவருக்கு, விலாங்கு மீன் தோல் போர்த்திய குழாய்வழி உணவு செலுத்திக் காப்பாற்றினார். 1849-இல் பிரெஞ்சு மருத்துவர் செடிலோ வயிற்றில் துளையிட்டு வழி அமைத்தார், நோயாளி பிழைக்கவில்லை. 1979 ஜூன் 12-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காடரர், போன்ஸ்கி முதலிய மருத்துவர்கள், ஐந்து மாதம்கூட நிரம்பாத குழந்தைக்கு, வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமலேயே குழாய் பொருத்தினர். அம்முறை உலகெங்கும் பரவியது. இத்தகைய பிள்ளைகள் வீட்டிலேயே வளர வழி பிறந்தது.

இந்த வரலாற்றில் மருத்துவர் பெயர்கள் உண்டு. தாயின் பெயர் இல்லை. குழாய் வீட்டுக்கு வந்தபோது தாதியின் வேலையும் தாயின் கைக்கு வந்தது. சில மணிக்கு ஒருமுறை பால் கொடுக்கவேண்டும். குழாய் இடம் மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பிள்ளையின் தலையை உயர்த்தி வைக்கவேண்டும். முடிந்ததும் குழாயில் தண்ணீர் விடவேண்டும். இரவிலும் பலருக்கு இதே வேலைதான்.

ரப்பர்த் தோட்டக் காலத்தில், விடியுமுன் பெரட்டுக்குப் போன நம் தாய்மார் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். அந்த ஏற்பாடு இருந்ததால்தான் அவர்களால் பால்மரம் வெட்ட முடிந்தது. குழாய் பொருத்திய பிள்ளையென்றால் ஆயாம்மாவும் தயங்குவார். அவருக்குக் கற்றுத் தந்தவர் இல்லையே! எனவே தாய் வேலையை விடுகிறார், உறக்கத்தையும் இழக்கிறார். பள்ளி ஆசிரியர்களாகிய நாம் இன்னொன்றையும் காண்கிறோம்: தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளின் பள்ளிப் படிப்பு தடைப்படுகிறது.

துணை இல்லாமல் இல்லை. 1984-இல் திரங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் சமூக மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. அதன் நிலையங்கள் பின்னர் நாடெங்கும் அமைந்தன. 2008-இல் உடற்பேறு குறைந்தோர் சட்டமும் வந்தது. சமூகநல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறுவோம், படுத்த படுக்கையான பிள்ளையைப் பராமரிப்போருக்கான உதவித்தொகை பற்றியும் அங்கே கேட்போம்.

இவற்றோடு, நம் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருத்துவமனையில் தாதி கற்றுத் தரும்போது தாயை மட்டும் அனுப்பாமல், தகப்பனாரும் பாட்டியும் அத்தையும் கூடச் சென்று கற்றுக்கொள்வோம். மாற்றுக் குழாய் இருந்தால் மட்டும் போதாது. மாற்றுக் கையும் வேண்டும். தாய் ஓரிரவு நிம்மதியாக உறங்கினால், மறுநாள் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் கை தடுமாறாது.