ஒரே பிரிவினை, இரு கொள்கைகள்

பிரிவினை அகதிகள் என்று ஒற்றைச் சொல்லால் குறிப்பது வரலாற்று எழுத்தின் பழக்கமாகிவிட்டது. மேற்கு எல்லையைக் கடந்தவரும் கிழக்கு எல்லையைக் கடந்தவரும் இந்திய அரசிடம் பெற்றவை ஒன்றல்ல. 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 73 லட்சம் பேர். அவர்களுள் சுமார் 47 லட்சம் பேர் மேற்குப் பாகிஸ்தானிலிருந்தும் எஞ்சியோர் கிழக்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள்.

பஞ்சாபில் இடப்பெயர்வு சில மாதங்களில் நிகழ்ந்து முடிந்தது. அங்கிருந்து வந்தவர்கள் திரும்பப்போவதில்லை என்பதை அரசு தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. பாகிஸ்தான் சென்ற முஸ்லிம்கள் விட்டுச்சென்ற நிலங்களும் வீடுகளும் அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 1954ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீட்டை முறைப்படுத்தியது. எஸ்.கே. தே முன்னின்று உருவாக்கிய நீலோகேரியில் தொழிற்பயிற்சியை மையமாகக் கொண்டு ஒரு நகரம் எழுந்தது. ஃபரீதாபாத்தில் எல்லைப்புற மாகாண அகதிகள் தம் நகரைத் தம் கைகளாலேயே கட்டினர். பகலில் வேலை பார்த்த அகதி இளைஞர்கள் மாலையில் பயில்வதற்காக, பஞ்சாப் பல்கலைக்கழகம் தில்லியில் ஒரு முகாம் கல்லூரியை நடத்தியது.

வங்கத்தின் நிலை வேறு. அங்கே இடப்பெயர்வு அலையலையாகத் தொடர்ந்தது: 1947, 1950, 1964 என ஒவ்வொரு கலவரமும் ஒரு கூட்டத்தைத் துரத்தியது. 1950 ஏப்ரலில் கையெழுத்தான நேரு – லியாகத் ஒப்பந்தம், வந்தவர்கள் திரும்பிச் செல்வார்கள் என்ற எதிர்பார்ப்பின்மீது நின்றது. திரும்பப்போகிறவருக்கு இழப்பீடு எதற்கு? இந்த ஒரு அனுமானமே பல லட்சம் பேரின் வாழ்வைத் தீர்மானித்தது.

முதலில் வந்த நடுத்தர வகுப்பினர் கல்கத்தாவின் தென்புறத்தில் காலி நிலங்களில் குடியேறினர். குடிசைகளோடு பள்ளிகளையும் எழுப்பினர். பள்ளி பிள்ளைகளின் எதிர்காலம். அதே வேளையில், வெளியேற்ற வரும் அதிகாரிக்குக் காட்டக்கூடிய சான்றும் அதுவே. யாதவ்பூர் அருகே கைவிடப்பட்ட இராணுவ முகாமில் உருவான விஜய்கர் குடியிருப்பு, விரைவில் ஒரு கல்லூரியையும் பெற்றது. அதுவரை வீட்டைத் தாண்டாத பெண்கள் ஆசிரியைகளாகவும் எழுத்தர்களாகவும் பணிக்குச் சென்றனர். ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’ (1960) அத்தகைய ஒரு பெண்ணின் கதை.

பின்னர் வந்தவர்களுள் பெரும்பாலோர் நாமசூத்திர உழவர்கள். நகரில் உறவினரோ கல்விச் சான்றோ இல்லாத அவர்களுக்கு முகாமே கதியாயிற்று. 1958இல் தண்டகாரண்ய வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டு, நெல்லும் நதியும் அறிந்த அம்மக்கள் கோராபுட், பஸ்தர் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு ஏற்கெனவே வாழ்ந்த ஆதிவாசிகளின் உரிமையும் கணக்கில் கொள்ளப்படவில்லை. 1978இல் ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து வெளியேறி, சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவை அடைந்து, குடிலும் பள்ளியும் அமைத்தனர். 1979 ஜனவரியில் பொருளாதார முற்றுகை; மே மாதத்தில் கட்டாய வெளியேற்றம். அதைச் செய்த இடதுமுன்னணியின் கட்சிகளே, எதிர்க்கட்சியாக இருந்தபோது அகதிகளை வங்கத்திற்கு வெளியே அனுப்புவதை எதிர்த்தவை. இறந்தோர் எண்ணிக்கை இன்றும் சர்ச்சைக்குரியதாகவே உள்ளது.

பஞ்சாபியர் உழைப்பாளிகள், வங்காளியர் உதவித்தொகையை எதிர்பார்த்தவர்கள் என்ற வாதம் இன்றும் ஒலிக்கிறது. விஜய்கரின் பள்ளிகளும் மரிச்ஜாப்பியின் பள்ளியும் அதற்கு மறுப்பு. ஒரு தரப்பினருக்கு நிலமும் பயிற்சியும் இழப்பீடும் கிடைத்தன. மறு தரப்பினர் தற்காலிக விருந்தினராகக் கருதப்பட்டனர். வந்தவர்கள் தங்கிவிடுவார்கள் என்பதை ஓர் அரசு எப்போது ஒப்புக்கொள்கிறதோ, அப்போதுதான் அவர்களின் கல்வியும் தொழிலும் அதன் பொறுப்பாகின்றன. ஒப்புக்கொள்ளத் தாமதித்த ஆண்டுகளின் விலையை, எப்போதும் மிக எளியவர்களே செலுத்தியிருக்கிறார்கள்.